பால் பண்ணைத் திருப்பம்

மார்ச் 7, சனி

நாளை மோட்டார் சைக்கிள் ரேஸ். டெய்லர் கடையில் வெட்டிப் பேச்சு பேசிக்கொண்டிருந்தபோது, பார்க்கப் போவதென்று திடீரென்று முடிவானது: நாலு வண்டி, இருநூறு கிலோமீட்டர், விடியற்காலையில் கிளம்புவது. டெய்லர், பிளம்பர், நான். நாலாவதாக அத்தானை இழுத்துவிட்டேன். மருந்துக் கடையை விட்டு நகராத மனிதர். அவர் வண்டி ஓட்டினால் நடந்து போகிறவர்கள் முந்திவிடுவார்கள்.

"உங்க அக்கா திட்டுவா மாப்ளே" என்று இழுத்தார்.

அக்காவிடம் நானே பேசினேன். "பத்திரமா கூட்டிட்டுப் போய்ப் பத்திரமா கூட்டிட்டு வா" என்றாள். பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினேன்.

மார்ச் 8, ஞாயிறு

அத்தான் ஆஸ்பத்திரியில். எழுதக் கை வரவில்லை.

மார்ச் 9, திங்கள்

எங்கள் கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். திருப்பம் வந்தால் அங்கேயே நிற்க வேண்டும். பின்னால் வருகிறவன் கண்ணில் பட்ட பிறகுதான் நகரலாம். அப்படிப் போனால் யாரும் தொலைய மாட்டார்கள். எனக்குப் பின்னால் வந்தவர் அத்தான்.

பால் பண்ணைத் திருப்பத்தில் நின்றேன். இரண்டு நிமிடம். மூன்று. ரேஸ் மைதானத்து ஒலிபெருக்கி அங்கேயே கேட்டது, இன்ஜின்கள் உறுமுவதும்தான். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வந்துவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மைதான வாசலில் டெய்லர் கேட்டான்: "உங்க அத்தான் எங்கடா?"

"திருப்பத்துல பார்த்தேன். பின்னாடியே வர்றார்."

எங்கேடா பார்த்தே? பார்க்கவே இல்லையே!

திருப்பத்தில் யாரும் இல்லாததால் அவர் நேரே போயிருக்கிறார். சரளைச் சாலை. சறுக்கி விழுந்ததில் கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது, செல்போன் வாய்க்காலில் போய் விழுந்தது. பால் லாரிக்காரர் ஒருவர் பார்த்துத் தூக்கும்வரை இரண்டு மணி நேரம் அப்படியே கிடந்திருக்கிறார். அந்த இரண்டு மணி நேரமும் நான் கம்பி வேலியில் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தேன். அக்கா போனில் பதினொரு தடவை கூப்பிட்டது கேட்கவில்லை. தொண்டை இன்னும் கட்டியிருக்கிறது.

மார்ச் 11, புதன்

முழங்காலுக்குக் கீழே இரண்டு முறிவு. தகடு வைத்திருக்கிறார்கள். பார்க்க வந்த டெய்லரிடமும் பிளம்பரிடமும் அத்தான் மன்னிப்புக் கேட்கிறார். "திருப்பத்தைக் கவனிக்காம போயிட்டேன். உங்க ரேஸையும் கெடுத்துட்டேன்."

டெய்லர் என்னைக் காட்டி, "டாக்டர் கையெழுத்தையே படிக்கிறீங்க, இவ்வளவு பெரிய ஆள் நின்னது தெரியலையா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சீ, என்ன பிறவி நான்?

மார்ச் 14, சனி

வீட்டுக்கு வந்துவிட்டார். அக்கா அவர்மேல் எரிந்து விழுகிறாள். "அவன் உங்களுக்காக நின்னிருக்கான். கண்ணை எங்க வெச்சிருந்தீங்க?" எனக்குத் தட்டு நிறையப் போட்டாள்.

மார்ச் 17, செவ்வாய்

இன்று ஆறு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. கூட வேலை செய்பவர் லிஃப்டுக்கு அடியில் குழிக்குள், நான் மேலே சுவிட்ச் பக்கத்தில். "வெளிய வந்துட்டீங்களா?" என்று மூன்று தடவை கேட்டேன். "வந்தாச்சுப்பா! உன் எதிர்லதானே நிக்கிறேன்?" என்று சலித்துக்கொண்டார்.

பதினாறு வருஷமாக, ஆள் வெளியே வந்ததைக் கண்ணால் பார்க்காமல் நான் சுவிட்சைத் தொட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தப் புத்தி எங்கே புல் மேயப் போனது?

மார்ச் 21, சனி

சொல்லிவிட்டேன். அக்காவையும் அத்தானையும் வைத்துக்கொண்டே. "நீங்க வர்ற வரைக்கும் நான் நிக்கலை. பார்த்தேன்னு சொன்னதும் பொய்."

அத்தான் கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். "ரெண்டு வாரமா என்னை நானே திட்டிக்கிட்டு இருந்தேன் மாப்ளே." அவ்வளவுதான் சொன்னார். நாலு அறை விட்டிருக்கலாம்.

அக்கா, "எந்திரிச்சுப் போடா" என்றாள்.

மார்ச் 22, ஞாயிறு

டெய்லரிடமும் சொன்னேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டுத் தைக்கப் போய்விட்டான்.

மே 30, சனி

அக்கா இன்னும் பேசவில்லை. அத்தான்தான் போன் செய்தார். "டாக்டர் நடக்கச் சொல்றார். கூட வா."

ஊன்றுகோலோடு அடிமேல் அடி வைத்து நடந்தார். பழக்க தோஷம், நான் முன்னால் போய்விட்டேன். திக்கென்றது. தெரு முனையில் நின்று திரும்பினேன். அவர் கண்ணில் பட்டார். பட்ட பிறகும் நகரவில்லை. பக்கத்தில் வந்து சேர ஏழு நிமிடம் ஆனது. மாடி ஜன்னலில் அக்கா நின்றிருந்தாள்.

மூச்சு வாங்கிக்கொண்டு அத்தான் அடுத்த முனையைக் காட்டினார்.

"நீ முன்னாடி போ மாப்ளே. நான் வர்றேன்."

போய் நின்றேன்.