விசில் என் கழுத்தில்தான் இருந்தது

பிப்ரவரி 3, செவ்வாய்

ஆஸ்பத்திரி லிஃப்டில் ஒரு மாதமாகக் கேட்ட கிறீச் சத்தத்தை இன்று ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்து நிறுத்தினேன். "உங்க காதுக்கு ஒரு கும்பிடு" என்றார் நர்ஸ். காது நல்ல காதுதான். மூக்குதான் மானத்தை வாங்குகிறது. ஊரிலுள்ள லிஃப்ட் சத்தத்தையெல்லாம் அடக்குகிறவனின் மனைவி, புருஷன் குறட்டை தாங்காமல் நாலு மாதமாக மகளின் அறையில் படுக்கிறாள். மகள் ஹாஸ்டலில்.

"உங்க மேல கோவம் இல்லீங்க. எனக்குத் தூக்கம் வேணும், அவ்வளவுதான்" என்று சொல்லித் தலையணையை எடுத்துக்கொண்டு போனாள். கோபம் என்றால் சமாதானம் செய்யலாம். தூக்கத்தை நான் எங்கே போய் வாங்கிவர?

சனி, ஞாயிறு அவளுடைய காலை நடைக்குழு மலையில் கூடாரம் போட்டுத் தங்கப்போகிறது. வீட்டுக்காரர்களும் வரலாமாம். நானும் வருகிறேன் என்றேன். அவள் என் மூக்கைப் பார்த்தாள்.

பிப்ரவரி 6, வெள்ளி

திட்டம் தயார். மலையில் ஓர் இரவு முழுக்கக் குறட்டை விடாமல் இருந்துகாட்டுவது. அவள் அசந்துபோவாள். தலையணை தானாகத் திரும்பி வரும். குறட்டை விடாமலிருக்க வழி? தூங்காமலிருப்பது. என்ன மூளை எனக்கு!

பிப்ரவரி 7, சனி

டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். பெண்களுக்குத் தனிக் கூடாரம். எனக்கு ஜோடி, குழுத்தலைவரான பல் டாக்டர். கூடாரம் இரண்டு முறை என் தலைமேலேயே விழுந்தது. "எட்டு மாடி லிஃப்டைத் தூக்குறவரு, ஒரு துணியைத் தூக்க முடியலையா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அவளும்தான். பரவாயில்லை, சிரித்தாளே.

பல் டாக்டர் இப்போது குறட்டை விடுகிறார்! அவர் மனைவி வீட்டில் எந்த அறையில் படுக்கிறார்? கேட்கவா முடியும்?

பிப்ரவரி 8, ஞாயிறு

திரும்பும் வேனில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது.

காலையில், "பாத்தியா, என் சத்தமே இல்ல" என்றேன் பெருமையாக. "தூங்கினாத்தானே? கண்ணைப் பாத்தாலே தெரியுது" என்றாள். குட்டு உடைந்தது.

எல்லாரும் அருவிக்குக் கிளம்பினார்கள். எனக்கு அவ்வளவு தூரம் நடக்கத் தெம்பில்லை. கூடாரத்துக்குக் காவல் இருக்கிறேன் என்றேன். பல் டாக்டர் தன் விசிலைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார். "மூடுபனி இறங்கினா அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவை ஊதுங்க சார். அந்தச் சத்தத்தைப் பிடிச்சு வந்துடுவோம்." பெரிய பொறுப்பு! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு பாறையில் சாய்ந்தேன். சும்மா சாய்ந்தேன், அவ்வளவுதான்.

கண் திறந்தால் எட்டு பேரும் என்னைச் சுற்றி நிற்கிறார்கள். பனியில் அவர்கள் கால்கூடத் தெரியவில்லை. விசில் என் கழுத்தில்தான் இருந்தது. ஒரு தடவைகூட ஊதல — பாவி நான்! அந்தப் பக்கம் முழுக்கப் பள்ளம். யாருக்காவது கால் தவறியிருந்தா?

"வழி தெரியாம நின்னோம் சார்" என்றார் பல் டாக்டர். "ஏதோ உறுமுச்சு. நான் கரடின்னு நினைச்சேன். உங்க வீட்டம்மாதான், 'இது எங்க வீட்டுச் சத்தம், வாங்க'ன்னு முன்னால நடந்தாங்க!"

கைதட்டல் வேறு. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. என் சட்டையைப் பிடித்த கையை எடுக்கவும் இல்லை.

வேனில் மெதுவாகக் கேட்டேன், என்னவென்று.

"பாதி வழியில சத்தம் நின்னுபோச்சு. எல்லாரும் வழி போச்சேன்னு பதறினாங்க. நான் உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பதறினேன்." பிறகு, "வீட்டுலயும் அப்படித்தான் நிக்குது. நிக்கும்போதெல்லாம் எழுந்து வந்து உங்க ரூம் வாசல்ல நிப்பேன். திரும்ப ஆரம்பிச்சாத்தான் போய்ப் படுப்பேன்" என்றாள்.

"நாலு மாசமாவா?"

"பின்னே?"

தூக்கத்துக்காகப் போனவள்! அவளை மனசுக்குள் திட்டிக்கொண்டே நான் நிம்மதியாகக் கொறட்டை விட்டுட்டுக் கிடந்திருக்கேன். எனக்கெல்லாம் ஒரு விசில் வேறு.

பிப்ரவரி 10, செவ்வாய்

காது மூக்கு தொண்டை டாக்டர். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதாம். அடுத்த வாரம் பரிசோதனை. எல்லாக் கேள்விக்கும் அவளே பதில் சொன்னாள். நான் நாக்கை நீட்டியதோடு சரி.

பிப்ரவரி 12, வியாழன்

தலையணையோடு வந்துவிட்டாள். கையில் கொஞ்சம் பஞ்சு. கிழித்து ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டாள்.

"இன்னொரு காதுக்கு?"

"அது திறந்தே இருக்கட்டும். நின்னா எனக்குத் தெரியணுமே."

அந்தக் காது என் பக்கம். "எழுதினது போதும், லைட்டை அணைங்க" என்கிறாள். தூங்கக் கூச்சமாக இருக்கிறது. தூங்காவிட்டாலும் கண்டுபிடித்துவிடுவாள்.