பன்னிரண்டாம் மாடிக்கான சொல்

இன்று காலை என் கைப்பேசியில் இடம் நிறைந்துவிட்டது. எதை அழிக்கலாம் என்று தேடியபோது நீ அனுப்பிய குரல் பதிவுகள் வந்தன. நூற்றுக்கணக்கில் இருக்கும். வரிசையாகக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. எந்தப் பதிவில் அது தொடங்கியது என்று இப்போது எனக்குத் தெரியும்.

ஈப்போ நகரத்து ஹோட்டலில் நாம் இருவரும் அறைகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். வரவேற்பு முகப்புக்குப் போக ஆங்கிலம் வேண்டும் என்றார்கள். நாற்பதை நெருங்கிய இரண்டு பெண்கள், வேலை முடிந்து மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தோம். நம்மைவிடப் பத்து வயது சிறியவளான ஆசிரியை, முதல் நாள் உன் ஊரைக் கேட்டாள்.

"சிலிம் ரிவர்."

"ஸ்-க்கும் ல்-க்கும் நடுவுல எதுவும் வரக்கூடாது. ஸ்லிம்."

"பொறந்த ஊரையே இத்தன வருசமா தப்பாவா சொல்லிட்டு இருந்தேன் லா?" என்று நீ சிரித்ததில் வகுப்பே சிரித்தது.

மெய்யெழுத்துகள் கூட்டமாக வந்தால், நடுவில் ஓர் உயிரைச் செருகாமல் நம் நாக்கு தாண்டாது. 'ஸ்ட்ரெங்த்', 'மன்த்ஸ்', எல்லாவற்றுக்கும் மேலே 'ட்வெல்ஃப்த்'. ஹோட்டலில் பன்னிரண்டாம் மாடி இருந்ததால் அதிலிருந்து தப்பிக்க வழியில்லை. தினமும் காலையில் மூன்று சொற்களைப் பதிவு செய்து ஒருவருக்கொருவர் அனுப்பினோம். எட்டு மாதத்தில் நீ என்னை முந்திவிட்டாய். முகப்பில் முதலில் உன்னைத்தான் நிறுத்தினார்கள். உங்கள் மாதா கோயிலில், ஞாயிறு ஆங்கிலப் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கவும் கேட்டார்கள்.

அந்த வாரம்தான் உன் 'ட்வெல்ஃப்த்' கடைசி எழுத்துகள் இல்லாமல் வந்தது.

"முகப்புக்குப் போனதும் நாக்குக்குச் சோம்பல் வந்திருச்சா?" என்று பதில் அனுப்பினேன். சிரித்துக்கொண்டே திரும்பச் சொன்னாய். மறுபடியும் அப்படியே வந்தது. சில வாரங்களில் 'மன்த்ஸ்' போனது. பிறகு 'ஸ்ட்ரெங்த்'. "பயிற்சி பத்தலடி" என்றேன். குளியலறைக் கண்ணாடி முன்னால் அரைமணி நேரம் நிற்பதாகச் சொன்னாய்.

முகப்பில் நிற்பவள் குடித்திருக்கிறாள் என்று ஒரு விருந்தாளி புகார் கொடுத்தார். மேலாளர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். "இங்கிலீஷ்னா அவளுக்குப் பதட்டம், பாஸ். வேற ஒண்ணும் இல்ல" என்றேன். உன்னைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன்.

அன்று சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் நீ சொன்னாய்: "நாளைக்குச் சீக்கிரம் வாரேன்." 'சீக்கிரம்' உன் வாயில் கரைந்து வந்தது. அது ஆங்கிலம் இல்லை. நாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் சிரிக்கவில்லை. பேருந்து வந்தது, ஏறினோம், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டு வாரம் கழித்து, கேண்டீனில் தேநீர் புரையேறி மூக்கு வழியாக வந்தபிறகுதான் மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார். தோலுக்கு அடியில் புழுக்கள் நெளிவதுபோல் அது தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. நான்தான் பார்த்தேன், உன்னால் பார்க்க முடியவில்லை. நரம்பு நோய், நாக்கில் தொடங்கியிருக்கிறது, இனி இறங்கும் என்றார். முன்பே வந்திருந்தாலும் குணமாக்க மருந்து இல்லை என்றார். எனக்காகவே சொன்னதுபோல் இருந்தது.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து மெதுவாகக் கேட்டாய்: "அப்போ நம்ம சிரிச்சோமே, அது இதுதானா?"

நான் பேருந்து வருகிறதா என்று சாலையைப் பார்த்தேன்.

நீ வாசகம் வாசிக்க வேண்டிய ஞாயிறு வந்தது, வேறொருவர் வாசித்தார். நீ கடைசி வரிசையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பக்கத்தில், பூசைக்குப் புதியவளான நான். அடுத்த ஆண்டு உனக்குப் பேச்சே இல்லை. ஒரு நாள் தாளில் எழுதிக் காட்டினாய்: "ஒன்மேல கோவம் இல்லடி. நானும்தான சிரிச்சேன்." அதன்பின் பேனாவும் விரல்களில் நிற்கவில்லை. மூன்று மாதத்தில் போய்விட்டாய்.

இப்போது முகப்பில் நான் நிற்கிறேன். புதிதாக வருபவர்களுக்குச் சொற்களைச் சொல்லிக்கொடுப்பதும் என் வேலைதான். தெரியாத சொல்லில் தடுமாறுபவர்களை விட்டுவிடுகிறேன். போன வாரம், ஆறு மாதமாகச் சரியாகச் சொல்லிவந்த ஒருத்தி திடீரென்று தடுமாறினாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் அவளைத் தனியே அழைத்துப்போய்க் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்:

"எப்போலேருந்து இப்படி இருக்கு?"