எழுதாத தாளில் உன் கைநாட்டு

என் ஆசை அக்காவுக்கு,

நீயும் வயிற்றுப் பிள்ளையும் போய் இரண்டாவது திவசம் வருகிறது. கால்வாய்க்கு இன்னும் பாலம் வரவில்லை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கென்று உன்னை வலியோடு தூக்கி வந்து கரையில் கிடத்தினோமே, படகு அக்கரையில் நின்றதே, இன்றும் அதே படகுதான்.

அதற்கு ஆறு மாதம் முன்னால் நான் மாமல்லபுரத்தில் வீடு வீடாகக் கைநாட்டு வாங்கியது ஞாபகம் இருக்கிறதா? விஷயத்தை எம்.எல்.ஏ. நல்ல தமிழில் எழுதிக்கொள்வார், விரலை மட்டும் வாங்கி வா என்றார்கள் அவருடைய ஆட்கள். வெற்றுத் தாளை உன்னிடம் நீட்டினேன்.

"இன்னாடா, ஒண்ணுமே எய்தல?"

"பாலத்துக்குத்தான்க்கா. அப்பறமா எய்திக்குவாங்க. நீ வெய்யி."

"எய்தினு வந்து வெரலு கேட்டா இன்னா?" என்று முனகிக்கொண்டே முதல் ஆளாக வைத்தாய்.

போன வாரம் பேப்பரில் பார்த்தேன். காபியைத் தடை செய்யச் சொல்லிக் கடலோர மக்கள் மனு கொடுத்தார்களாம், நம் எம்.எல்.ஏ. அதைச் சட்டசபையில் வைத்தாராம். ஜெயித்த நாளிலிருந்து காபி ஒழிப்பு ஒன்றுதான் அவருக்கு மூச்சு. செங்கல்பட்டில் அவர் வீட்டுக்கே போனேன். மனுவின் முதல் பக்கத்தைப் போட்டோ பிடித்து, கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். அதில் முதல் விரல் உன்னுடையது. அரிவாள்மனை கிழித்த தழும்பு குறுக்கே தெரிகிறது.

காபித் தண்ணி இல்லாமல் கண்ணையே திறக்க மாட்டாயே அக்கா!

"பாலந்தானே சார் கேட்டோம்?" என்றேன்.

"பாலத்த எவன் வந்தாலும் கட்டுவான் தம்பி. இத நான் விட்டா யாரு பேசுவா?"

கெட்ட மனுஷன் இல்லை. அதுதான் என்னைச் சோர வைத்தது. சண்டை போடத் தெம்பில்லாமல் திரும்பி வந்தேன். யார்மேல் கோபப்படுவது? தாளை நீட்டியது நான்தானே.

மறுபடி தேர்தல் வருகிறது. இந்த முறை மனுவை நானே எழுதினேன். உன் மகள் வள்ளி எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள் தெரியுமா? ஊரைக் கூட்டி அவளை வாசிக்கச் சொன்னேன். வாசித்து முடித்துத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல எங்கம்மா வெரலு எங்க மாமா?"



சத்தியமாகச் சொல்கிறேன், இனி எழுதாத தாளில் ஒருவர் விரலும் பட விடமாட்டேன். திவசத்தன்று உனக்கு முதலில் காபிதான் படைப்பேன். சூடாக இருக்கும்போதே குடித்துவிடு.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லாத உன் தம்பி,
ஏழுமலை