மேலே நிற்பவள் குரல்

மார்ச் 4
மருந்துக் கடையில் அசடு வழிந்தேன். வீட்டுக்காரி வாங்கி வரச் சொன்னது கர்ப்பம் பார்க்கும் அட்டை. கடையில் நின்றவள் மகளோடு பள்ளியில் படித்த பெண். "என்ன வேணும் அங்கிள்?" என்றாள். "இருமல் மருந்து" என்றது வாய். நம்பட்டும் என்று இருமியும் காட்டினேன். வீட்டில் பாட்டிலைப் பார்த்த என் மனைவி சிரிக்கவில்லை. நான் முட்டாள்தனம் செய்தால் சிரிக்காமல் இருக்கிறவள் இல்லை அவள். அங்கேதான் பயம் ஆரம்பித்தது.

மார்ச் 5
வேறு தெருக் கடை. அட்டை. இரண்டு கோடு.

மார்ச் 6
தூரம் நிற்கிற வயசு என்று இருவருமே அலட்சியமாக இருந்துவிட்டோம். "இந்த வயசுல எப்படிங்க?" என்றாள். "எனக்கும் என்மேல ஆச்சரியமாத்தான் இருக்கு" என்றேன். தலையணை பறந்து வந்தது. சரி, கோபமாவது வருகிறதே.

மகள் பிறந்த அன்று இவளுக்கு ரத்தம் நிற்கவே இல்லை. உதடு காகிதம் மாதிரி வெளுத்துப் போனது. மகள் கல்லூரிக்குப் போகிறாள் இப்போது. அந்த உதடு மட்டும் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

மார்ச் 9
டாக்டரம்மாவைப் பார்த்தோம். கடைசியாக எப்போது தூரமானாள், தலை சுற்றுகிறதா, மாத்திரை ஏதும் உண்டா — எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு, "ஏன் சார், நாள் தள்ளிப் போனது உங்களுக்கா?" என்றார். வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். பிறகு உள்ளே கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார்: "வெச்சுக்கணும்னா பெரிய ஆஸ்பத்திரில கவனமா பார்த்துக்கலாம். வேண்டாம்னா இப்பவே பத்திரமா முடிச்சுக்கலாம். ரெண்டும் தப்பில்ல. ஆனா போன தடவை மாதிரி ரத்தப்போக்கு வர வாய்ப்பு இருக்கு. நல்லா யோசிச்சு அவங்க சொல்லட்டும்."

எனக்கு அதில் ஒரு வார்த்தைதான் காதில் விழுந்தது. ரத்தம்.

மார்ச் 10
மதியம் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, முடித்துக்கொள்வதற்குத் தேதி வாங்கிவிட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நல்லதுக்குத்தானே?

மார்ச் 11
துணிக்கடை லிஃப்டில் சத்தம் வருகிறது என்று போயிருந்தோம். என்னோடு லிஃப்ட் பழுது பார்க்கிற நெட்டையன் கூண்டின் மேல் ஏறி நின்றான். நான் சுவிட்ச் அறையில். எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு: மேலே நிற்கிறவன் குரல் வராமல் கீழே இருக்கிறவன் சுவிட்சைத் தொடக் கூடாது. கீழே இருக்கிறவன் எவ்வளவு பெரிய கில்லாடியாக இருந்தாலும் சரி. நான் தேதியையே நினைத்துக்கொண்டு கையை வைத்துவிட்டேன். கூண்டு ஒரு குலுக்கல்.

"அண்ணே! நான் இன்னும் சொல்லலண்ணே! மேல நிக்கிறது என் உசுரு!"

ஆள் பிழைத்தான். இறங்கி வந்து திட்டுவான் என்று பார்த்தால், என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தான். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தேதி விஷயத்தையும். டம்ளரைக் கீழே வைத்தான்.

"அண்ணி குரல் குடுத்தாங்களா?"

படுபாவி.

மார்ச் 12
தேதியை ரத்து செய்தேன். அவளிடமும் சொன்னேன். "என் வயித்துக்கு நீங்க தேதி வாங்குவீங்களோ?" என்றாள். அவ்வளவுதான். கத்தியிருந்தால் தேவலை.

மார்ச் 14
வீட்டில் மகள்தான் தபால்காரி. "அப்பா, அம்மா தேங்காய் கேக்கறாங்க." "அம்மா, அப்பா சட்டையைக் காணோமாம்." விஷயம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "உங்களுக்கெல்லாம் வெக்கமே கிடையாதாப்பா?" என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றுவிட்டாள். "அம்மாக்கு ஒண்ணும் ஆயிடாதுல்ல?"

ஆகாதும்மா என்றேன். என்னவோ நான்தான் டாக்டர் மாதிரி.

மார்ச் 17
அவள் தனியாகப் போய் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்தாள். வந்ததும் துணி மடிக்க உட்கார்ந்தாள். நானும் ஒரு முனையைப் பிடித்தேன்.

"ஒரு வாரமா வேண்டாம்னுதான் இருந்தேன். தையல் கூடத்துல இப்பத்தான் மேற்பார்வை குடுத்திருக்காங்க. முட்டி வேற வலிக்குது. வேண்டாம்ங்கிறதுக்கு நூறு காரணம் இருக்கு."

"சரி."

"வேணுங்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல. ஆனா வேணும்னு இருக்கு. ஏன்னு கேக்காதீங்க."

கேட்கவில்லை. போர்வையை இரண்டு முறை தப்பாக மடித்தேன். "பயமா இருக்கா?" என்றாள். "ரொம்ப" என்றேன். "எனக்கும்தான்" என்று போர்வையைப் பிடுங்கிக்கொண்டாள். பேச்சு திரும்பிவிட்டது. இதுக்குப் போய் சந்தோஷப்படுகிறேனே, மனுசனா நான்?

மார்ச் 24
பெரிய ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்தாயிற்று. அவள் ரத்தம் சுலபத்தில் கிடைக்கிற வகை இல்லையாம், கொடுக்கிறவர்களை இப்போதே பார்த்து வைக்கச் சொன்னார்கள். நெட்டையன் எங்கள் லிஃப்ட் கம்பெனி ஆட்களை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். இரண்டு பேருக்குப் பொருந்தியது. இவனுக்குப் பொருந்தவில்லை. ஆனால் ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்தவன் இவன் ஒருத்தன்தான். "பத்து மாடி உயரத்துல பல்லியாட்டம் நிக்கிற ஆளு!" என்று அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இருமல் மருந்துக்குச் சிரிக்காததையும் சேர்த்து.

நான் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன்.

ஏப்ரல் 8
ஸ்கேன். துடிப்பு நன்றாக இருக்கிறதாம். மகள் போன வாரமே அம்மாவுக்கென்று தட்டையான செருப்பு வாங்கி வைத்திருந்தாள். வெளியே படிக்கட்டில் குனிந்து அதன் வாரை மாட்டிவிட்டேன். மேலேயிருந்து குரல் வந்தது.

"ஏங்க, அன்னிக்கு வெச்சுக்கட்டுமான்னு நான் உங்களைக் கேட்டிருந்தா, என்ன சொல்லியிருப்பீங்க?"

"பஸ் வந்துடுச்சு, எழுந்திரு" என்றேன்.

வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது கேட்டாலும்.