அக்காவின் பூட்ஸ்

சின்னவளே,

நீ தூங்குகிறாய், எழுப்பவில்லை. கண் டாக்டரிடம் போகிறேன். சோறு மூடி வைத்திருக்கிறேன்.

"நான் மலைக்குப் போகத்தான் போறேன், நீ அழுதாலும் சரிம்மா" என்று நேற்றுக் கத்தினாய். போய் வா கண்ணு, தடுக்க மாட்டேன்.

புது பூட்ஸைச் சாயங்காலம் கால் வீங்கியிருக்கும்போது, தடித்த காலுறையோடு போட்டுப் பார். நடக்கும்போது குதிகால் உள்ளே எழும்பக் கூடாது. மாடிப்படியில் இறங்கிப் பார். விரல் முன்னால் இடித்தால் உடனே கடையில் மாற்று. "ஆம்பளை பூட்ஸ்லயே சின்ன சைஸ் இருக்கும்மா" என்பான் கடைக்காரன். அகலமாக இருக்கும், வாங்காதே.

நனைந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவை. அடுப்புப் பக்கம் மட்டும் வைக்காதே. சூட்டில் பசை விட்டுவிடும்.

இன்னொன்று. பூட்ஸின் அடி கழன்று உன் அக்கா மலையில் விழுந்து செத்தபோது, "மட்டமானதா வாங்கினா இப்படித்தான்" என்றார் உன் மாமா. நீயும் தலையாட்டினாய். நான் வாய் திறக்கவில்லை.

அவள் நல்ல பூட்ஸ்தான் வாங்கினாள். பிள்ளை ஈரத்தோடு போகக் கூடாதே என்று முந்தின நாள் அதை அடுப்போரம் காயவைத்தது நான்தான்.

சாவி ஆணியில் இருக்கிறது, நான் எடுத்துப் போகவில்லை. திரும்பி வந்து கதவைத் தட்டுவேன். மனசு வந்தால் திற.

அம்மா