ஜெபாவின் முட்டுவலி

சனிக்கிழமை, இரவு

ஜெபாவுக்கு முட்டுவலி என்று நானும் இரண்டு வாரமாக ஓடவில்லை. ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை, ஒரே மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். அவளை விட்டுவிட்டு ஓடுவது துரோகம் போலத் தோன்றியது. இன்று காலை பொறுக்க முடியாமல் தனியாகக் கிளம்பிவிட்டேன். பேட்டை தாண்டி, பாபநாசம் ரோட்டில் வழக்கமாக நாங்கள் திரும்பும் இடத்தில் பதனீர் குடிக்க நின்றேன்.

பதனீர்க்கார அண்ணாச்சி ஓலைப் பட்டையை நீட்டிக்கொண்டே கேட்டார்: "என்ன டீச்சர், ஆளையே காணும்? அந்த டீச்சரு தெனமும் வருதாவளே."

"நடந்துதான வருதாவ?"

"நடையா? என்னா ஓட்டம் ஓடுதாவ! இன்னைக்கும் வெள்ளனவே வந்துட்டுப் போய்ட்டாவ."

நேற்றுகூடப் பள்ளிக்கூடத்து மாடிப்படியில் என் தோளைப் பிடித்துக்கொண்டுதானே ஏறினாள்? போன வருஷம் தூத்துக்குடியில் நான் அவளுக்கு முன்னால் ஓடி முடித்தேன். சிரித்துக்கொண்டுதான் கை கொடுத்தாள். இன்று முழுக்க அந்தச் சிரிப்பையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் அவளே போன் பண்ணினாள். "ஏளா, முட்டு இன்னும் விட்டபாடில்ல. நீ ஓடப் போனியா?"

அப்போதே கேட்டிருக்கலாம். வாயில் வந்ததோ வேறு. "நீயில்லாம நா எங்க போக?"

"அதானே" என்றாள். குரலில் ஒரு நிம்மதி. அல்லது எனக்குத்தான் அப்படிக் கேட்டதா, தெரியவில்லை.

விளக்கை அணைக்கப் போகும்போதுதான் உறைத்தது. நாளையும் அவள் ஓடுவாள். அதே இடத்தில் நின்று பதனீர் குடிப்பாள். அண்ணாச்சிக்கு வாய் சும்மா இருக்காது.