நஸ்ரின் சொன்ன கவிதை

டிசம்பர் 5, வியாழன்

ஜார்ஜியாவில் டாக்டருக்குப் படிக்கும் என் மகள் நஸ்ரின், அந்த ஊர்ப் பாஷையில் கவிதை சொல்லும் வீடியோவைக் காலையில் அவள் தோழி அனுப்பினாள். சுற்றிலும் கூட்டம் கைதட்டியது. கல்லூரி விழா என்று நினைத்து, பெருமையில் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டுவிட்டேன்.

சாயங்காலம் நஸ்ரின் கூப்பிட்டாள்.

"அத்தா, அதை ஏன் போட்டீக? அது கவர்மெண்டை எதிர்த்துப் போராட்டம். பார்லிமென்ட் வாசல்."

"பாட்டுத்தானம்மா?"

"ரஷ்யாக்காரன் இவுக ராஜ்யத்தை எடுத்துக்கிட்ட காலத்துக் கவிதை அத்தா. நாடு போச்சுன்னு நேரா எழுத முடியாம மலைகிட்டயும் ஆத்துக்கிட்டயும் அழுதிருக்காக. இன்னைக்கும் அதைச் சொன்னா கூட்டம் கூடுது."

"அவுக நாடு, அவுக அழட்டும். ஒன் விசாவப் பிடுங்கிட்டா?"

"இந்தக் கவிதைய வச்சுத்தான் அத்தா இவுக பாஷையே படிச்சேன். சும்மா நிக்க முடியல."

நான் கானாடுகாத்தான் செட்டியார் வீடுகளின் பழைய கதவுகளை வாங்கி விற்கிறவன். பழசுக்கு விலை உண்டு என்று தெரியும். பழைய பாட்டுக்குப் போலீஸ் வரும் என்று தெரியாது.

வீடியோவை அழித்தேன். அதற்குள் சிங்கம்புணரி மச்சான் 'எங்க வீட்டுப் பிள்ளை' என்று ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார். எடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன்.

"என்ன மாப்ள, கண்ணு பட்டுருமா?" என்று சிரிக்கிறார். காரணத்தைச் சொன்னால் ஊர் முழுக்கப் பரவும். சொல்லாவிட்டால் எடுக்க மாட்டார்.

சாயங்காலம் நஸ்ரின் போனை வைக்கும் முன், "நாளைக்குப் போகமாட்டேல்ல?" என்று கேட்டிருந்தேன்.

"சாப்பிட்டீகளா அத்தா?" என்றாள்.